சான்றிதழ் மெய், சரிபார்ப்புப் பொய்

பரீட்சை மண்டப வாயிலில் மேற்பார்வையாளர் நிற்கின்றார். பரீட்சார்த்தி ஒருவன் அடையாள அட்டையை நீட்டுகின்றான். அவர் முத்திரையை நோக்குகின்றார்; பெயரை நோக்குகின்றார்; திகதியை நோக்குகின்றார். யாவும் செம்மையாக உள. ஆயின், அட்டையிலுள்ள முகத்தை எதிரே நிற்கும் முகத்தோடு ஒப்புநோக்காது அவனை உள்ளே விடுவாராயின், அம்முத்திரையால் ஆய பயன் யாது? பிறனொருவனுடைய மெய்யான அட்டையைக் கொண்டு எவனும் உட்புகலாமன்றோ? கணினிகளிலும் இத்தகைய வழு நிகழ்ந்ததுண்டு. அதனையும் அதனை யொத்த சிலவற்றையும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

வங்கியொன்றின் இணையத்தளத்துக்கு நாம் செல்லும்போது, அத்தளம் நம் கணினிக்கு டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றை நீட்டுகின்றது. தளத்தின் பெயர், அதன் பொதுத் திறவுகோல், செல்லுபடியாகுங் காலம், வழங்கிய நிறுவனத்தின் கையொப்பம் என்பன அதில் அடங்கும். பொதுத் திறவுகோலுக்கு இணையான மறைதிறவுகோல் ஒன்று தளத்தை நடத்துவோரிடம் மாத்திரமே இருத்தல் வேண்டும். சான்றிதழ் யாவர்க்கும் காட்டப்படுவது. அதனை எவரும் படியெடுக்கலாம். ஆதலின், வழங்கியோர் நம்பத்தக்கோரா, பெயர் பொருந்துகின்றதா, காலம் கழிந்துவிட்டதா எனப் பார்த்தபின்னும் ஒரு சோதனை எஞ்சி நிற்கின்றது. மறைதிறவுகோலால் இட்ட கையொப்பம் ஒன்றைப் பெற்று, எதிரே நிற்பவர் சான்றிதழுக்கு உரியவரே எனத் துணிதல் வேண்டும். முகத்தை ஒப்புநோக்குதல் என்றது இதனையே.

இவ்விறுதிச் சோதனையே அப்பிள் நிறுவனத்தின் மென்பொருளில் நடவாது போயிற்று. நிரலில் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும், குற்றங் காணின் வெளிவாயிலுக்குச் செல்க என்னும் பொருள்பட, ‘கோட்டு பெயில்’ என ஒரு வரி உண்டு. ஓரிடத்தில் அவ்வரி இருமுறை எழுதப்பட்டுவிட்டது. முன்னையது ‘குற்றங் காணின்’ என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது. பின்னையதற்கு நிபந்தனையே இல்லை. ஆகவே குற்றம் இருப்பினும் இல்லாவிடினும், அவ்விடத்தை அடைந்த கணினி அதன்பின் இருந்த கையொப்பச் சோதனையைத் தாண்டி நேரே வெளிவாயிலுக்குச் சென்றது. அதுகாறும் குற்றம் ஒன்றும் காணப்படாமையின் வழுவெண் பூச்சியமாக இருந்தது. பூச்சியம் என்றாற் குற்றமில்லை என்பது பொருள். சோதியாமலே ‘சரி’ என்று விடை வந்தது.

ஏடு பெயர்த்தெழுதியோர் ஓரடியை இருமுறை எழுதிவிடுதல் சுவடி பார்த்தோர் அறிந்ததே. ஆங்குப் படிப்போன் புன்னகைத்து அப்பாற் செல்வான். இயந்திரத்துக்கோ அவ்வறிவு இல்லை.

2012ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.ஓ.எஸ். 6 என்னும் தொலைபேசி மென்பொருளிலேயே இவ்வழு இருந்தது. 2014 பெப்ருவரி 21ஆம் நாளன்றே தொலைபேசிகளுக்குத் திருத்தம் வெளியாயிற்று. மக் கணினிகளுக்கு 25ஆம் நாளன்றுதான் வந்தது. இடைப்பட்ட நாள்களில் வழு உலகறிந்ததாயிற்று. கதவோ திறந்தே கிடந்தது. பொதுவிடத்துக் கம்பியில்லா இணைப்பில் இடைநின்ற கள்வன் வங்கியின் மெய்ச்சான்றிதழையே காட்டி, வங்கியாக நடித்துக் கடவுச்சொல்லைக் கவர்தல் கூடும்.

இத்துணைக் காலம் எவரும் காணாதது எவ்வாறு? நல்ல தளங்கள் யாவும் செவ்வனே இயங்கின. முறைப்பாடு செய்ய எவருக்கும் இடமில்லை. வேண்டுமென்றே பொய்க் கையொப்பம் இடும் ஒரு தளத்தை அமைத்து, மென்பொருள் அதனை மறுக்கின்றதா எனப் பார்த்திருந்தால் வழு வெளிப்பட்டிருக்கும். சரியான விடைக்குப் புள்ளி கொடுக்கின்றாரா என மாத்திரம் பார்த்து, பிழையான விடைக்கும் கொடுக்கின்றாரா எனப் பாராமல் ஒருவரைப் பரீட்சகராக நியமித்தலை இஃது ஒக்கும்.

அதே ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குனு டீ.எல்.எஸ். என்னும் மென்பொருளில் வேறொரு வழு திருத்தப்பட்டது. சான்றிதழை ஆராய இயலாதவிடத்து, அதன் ஒரு பகுதி பூச்சியத்திற் குறைந்த எண் ஒன்றை விடையாகத் தந்தது. அவ்விடையைப் பெற்ற பகுதியோ பூச்சியம் எனின் ‘இல்லை’ என்றும், வேறெவ்வெண் எனினும் ‘ஆம்’ என்றும் கொண்டது. ‘என்னால் இயலவில்லை’ என்ற சொல் ‘ஆம்’ எனக் கேட்கப்பட்டது!

எமக்குப் பெரிதும் சுவை பயந்தது, 2009இல் மொக்சி மார்லின்ஸ்பைக், டான் காமின்ஸ்கி என்னும் இருவர் தனித்தனியே வெளிப்படுத்திய வழுவாகும். சான்றிதழில் பெயரின் நீளம் எண்ணாற் குறிக்கப்படும். ‘சி’ மொழியில் எழுதிய மென்பொருள்களோ, வெற்றெழுத்து என்னும் ஒரு குறியைக் கண்டவிடத்தே பெயர் முடிந்ததெனக் கொள்ளும். கள்வன் முதலில் வங்கியின் பெயரையும், அடுத்து வெற்றெழுத்தையும், இறுதியில் தன் தளத்தின் பெயரையும் எழுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கின்றான். இணையப் பெயரில் உரிமையைக் காட்டுவது கடைப்பகுதி. வழங்குவோர் கடைப்பகுதியைப் பார்த்து, ‘இஃது இவனுடையதே’ எனக் கையொப்பம் இடுவர். உலாவியோ வெற்றெழுத்தில் நின்று, ‘இது வங்கி’ என்று படிக்கும். நிறுத்தும் இடம் வேறுபடின் பொருள் வேறுபடும் என்பதை வகுப்பறையில் நாடோறும் காண்கின்றோமாதலின், இது எமக்கு எளிதில் விளங்கிற்று.

நிற்க. எம்மிடம் பயின்ற ஒருவர் கூட்டுறவுச் சங்கமொன்றின் அங்கத்தவர் பணம் செலுத்துதற்கு மென்பொருள் ஆக்கி, அதன் தமிழ் வாசகங்களைத் திருத்தித் தருமாறு வந்தார். ‘சான்றிதழ் சரிபார்க்கப்படவில்லை’ என்னும் பொருள்படப் பிழை மலிந்த வாக்கியம் ஒன்று அவற்றில் இருந்தது. அதனைச் செப்பஞ் செய்தபின், “தம்பி, இஃது எப்போது திரையில் வரும்?” என வினவினோம்.

“அது வராது, ஐயா. வேலை செய்யும்போது அடிக்கடி வந்து இடையூறு செய்தது. சரிபார்ப்பதையே நிறுத்திவிட்டேன்” என்றார்.

மேற்கூறிய வழுக்கள் பிறர் அறியாது செய்தவை. இது அறிந்தே செய்தது. அங்கத்தவரின் கடவுச்சொற்கள் அவ்வழியேதான் செல்வன என்பதை நாம் எடுத்துச் சொல்ல, அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் எம் மேசையிலேயே கணினியைத் திறந்து அவ்வரியை மாற்றினார். மென்பொருள் உடனே இணைய மறுத்தது. நாம் திருத்திய வாக்கியம் திரையிலே தோன்றியது. ஆராய்ந்து பார்த்தபோது, சான்றிதழின் காலம் முடிந்து ஒன்பது நாள் கழிந்திருந்தது.