இருநூற்றுப் பதினான்கு கோடியை வகுக்க முடியுமா?

91 பகா எண்ணா என்று திடீரெனக் கேட்டால் நம்மில் பலர் "ஆமாம்" என்றுதான் சொல்வோம். ஆனால் 7 × 13 = 91. இரண்டு இலக்க எண்ணே நம்மை ஏமாற்றிவிடுகிறது! அப்படியானால் 2,14,74,83,647 என்ற பத்து இலக்க எண் பகா எண்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

இது ஏதோ சும்மா எடுத்த எண் அல்ல. 31 இரண்டுகளைப் பெருக்கி, அதிலிருந்து 1 ஐக் கழித்தால் இது கிடைக்கும். அதாவது 2³¹ − 1. இப்படி வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மெர்சென் பிரான்சு நாட்டுத் துறவி. இந்த எண் பகா எண் என்று 1644 இல் எழுதினார். ஆனால் நிரூபிக்கவில்லை.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது! 11 பகா எண்தான். ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

நாம் வகுப்பில் படித்த முறை என்ன? வர்க்கமூலம் வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340 க்குச் சற்று மேல். அதுவரை 4,700 க்கும் அதிகமான பகா எண்கள் இருக்கின்றன. அடேயப்பா! கால்குலேட்டர் இல்லாத காலத்தில் யார் உட்கார்ந்து வகுப்பது?

இங்கேதான் ஆய்லர் வருகிறார். 23, 89 இரண்டையும் மறுபடி பாருங்க. 11 ஆல் வகுத்தால் இரண்டிலும் மீதி 1. 8 ஆல் வகுத்தால் மீதி 7, 1. இது தற்செயல் இல்லை. அடுக்கு 2 ஐ விடப் பெரிய பகா எண்ணாக இருந்தால், மெர்சென் எண்ணின் ஒவ்வொரு பகாக் காரணிக்கும் இந்த இரண்டு விதிகள் பொருந்தும்:

1. அடுக்கால் வகுத்தால் மீதி 1.
2. 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7.

நம் எண்ணின் அடுக்கு 31. 46,340 க்குள் இந்த இரண்டு விதிக்கும் பொருந்துபவை ஏறக்குறைய 370 எண்களே! அதிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம். மிச்சம் இருந்த எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. 1772 இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் இதை அறிவித்தார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது! அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, தெரிந்த பகா எண்களில் இதுவே மிகப் பெரியது.

கணக்கைப் பார்த்ததும் பேனாவை எடுத்து வகுக்க ஆரம்பிக்காதீங்க. எதையெல்லாம் வகுக்க வேண்டாம் என்று முதலில் யோசியுங்கள்.

செய்து பாருங்கள்: 2¹³ − 1 = 8191. பகா எண்ணா? நம் வழக்கமான முறையில் 24 பகா எண்களால் வகுக்க வேண்டும். ஆய்லர் வழியில் ஒரே ஒரு எண் போதும். அது எது?

(விடை: 79. மீதி 54. எனவே 8191 பகா எண்!)