கேட்பதற்கு முன் கணக்கு

பாடசாலைக்கு நிதி திரட்ட, வவுனியாவில் பழைய மாணவரான ஒரு பல் வைத்தியரிடம் போனேன்.

"நானா, போன முறை தந்த காசுக்கு என்ன செய்தீங்க?" என்றார். பதில் சொல்ல என்னிடம் கணக்கு இருக்கவில்லை.

அவர் படித்த பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்கு 1998இல் ஜப்பானிய உதவியில் புதிய வைத்தியசாலை கிடைத்தது. "கட்டடம் ஒருமுறை கிடைக்கும், கதிரையும் கருவியும் தேய்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வெளிநாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகள் பழைய மாணவர் தொடர்புக்கென்றே உத்தியோகத்தர் வைத்திருக்கின்றன. அவர்கள் முதலில் நன்றி சொல்வார்கள், செலவைக் காட்டுவார்கள், பிறகுதான் கேட்பார்கள்" என்றார்.

வியாபாரிகளே, கடன் கேட்க மட்டும் வருபவரை நாம் நம்புவோமா? நன்கொடையும் அமானிதம்தான். பற்றுச்சீட்டு கொடுங்கள், ஆண்டுக்கொருமுறை கணக்கு அனுப்புங்கள். நானும் அடுத்த வாரம் கணக்கோடு மட்டும் போனேன், காசு கேட்கவில்லை.