கடலிடம் கற்கும் கணினி

நுழையும்முன்

நங்கூரச் சங்கிலி, படகின் ஆணி, உப்பளத்துக் கம்பிவேலி, கடற்கரை வீட்டின் சன்னல் கம்பி என இரும்பு இருக்கும் இடமெல்லாம் உப்புக்காற்று அதனை அரித்துக்கொண்டே இருக்கிறது. இவ்வழிவு ஒரு மின்வேதி நிகழ்வு. எப்போது, எங்கே, எவ்வளவு அரிக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க அறிவியலாளர் இன்று செயற்கை நுண்ணறிவின் துணையை நாடுகின்றனர். அத்துணையின் வலிமையையும் எல்லையையும் தூத்துக்குடிக் கடலை முன்னிறுத்தி விளக்குகிறது இப்பாடம்.

முத்தும் துருவும்

சங்கப் புலவர் பாடிய கொற்கை முத்து விளைந்த கடல் இது. சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளை இப்பகுதி மக்கள் ‘பார்’ என்பர். கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தை எடுத்து, கால்சியம் கார்பனேட்டாக அடுக்கடுக்காகப் படியவைக்கிறது சிப்பி, அதுவே முத்தாகிறது. அதே நீரில் இறங்கிய இரும்புத் தூணோ சிறிது சிறிதாகக் கரைகிறது.

தூணின் மேற்பரப்பில் ஓரிடம் நேர்மின்வாயாகவும் பிறிதோரிடம் எதிர்மின்வாயாகவும் மாறுகின்றன. நேர்மின்வாயில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகிறது. எதிர்மின்வாயில், நீரில் கரைந்த ஆக்சிஜன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. உப்புநீர் மின்சுற்றை நிறைவு செய்கிறது. எவரும் அமைக்காத ஒரு சிறு மின்கலம் தூணின் மீதே இயங்குகிறது எனலாம். அலை மோதி விலகும் பகுதியில் ஈரமும் உப்பும் காற்றும் ஒருங்கே கிடைப்பதால் அரிமானம் அங்கே மிகுதி.

இரும்போடு துத்தநாகத்தையோ அலுமினியக் கலவையையோ இணைத்தால், அது தான் கரைந்து இரும்பைக் காக்கும். இவ்வாறு காக்கப்படும் இரும்பின் அருகே நீரின் காரத்தன்மை உயர்கிறது. அதனால் கால்சியம் கார்பனேட்டு வெண்படலமாகப் படிகிறது. சிப்பிக்குள் முத்தாகும் அதே சேர்மம், தூணின் மேல் அரிமானத்தைக் குறைக்கும் போர்வையாகிறது!

டேவி காணாதது

இக்காப்பு முறையை 1824இல் அறிவித்தவர் ஹம்ப்ரி டேவி. பிரிட்டனின் போர்க்கப்பல்களுடைய அடிப்பகுதியில் வேய்ந்த செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிக்கப்பட்டன. சிறிதளவு இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்தால் செம்பு கரையாது என ஆய்வகத்தில் மெய்ப்பித்தார் அவர். கப்பல்களிலும் செம்பு கரையவில்லை. ஆனால், கடற்பாசியும் கொட்டலசும் கப்பலடியில் அப்பிக்கொண்டன. கப்பல்களின் வேகம் குறைந்தது. கரைந்த செம்பு அதுவரை அவ்வுயிர்களுக்கு நஞ்சாக இருந்து கப்பலைத் தூய்மையாக வைத்திருந்தது என்பது பிறகே புலப்பட்டது. டேவியின் வேதியியல் பிழைபடவில்லை. அவருடைய அளவீட்டில் உயிரினங்கள் இடம்பெறவில்லை, அவ்வளவே.

கடலில் ஓர் ஆய்வுக்கூடம்

வள்ளல் அழகப்பர் வழங்கிய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எழக் காரணமாயின. 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்நிறுவனத்தின் கடல்மேடை மற்றும் கடல்சார் மின்வேதியியல் மையம் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் உள்ளது. உலோகங்களையும் பூச்சுகளையும் உண்மையான கடற்சூழலில் வைத்துச் சோதிப்பது அதன் பணி.

கடற்சோதனையின் அடிப்படை எளிது. எடையிட்ட உலோகத் தகடுகளைக் கடலில் தொங்கவிடுவர். மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழித்து எடுத்து, ஒட்டிய உயிரிகளையும் துருவையும் நீக்கி மீண்டும் எடையிடுவர். குறைந்த எடை அரிமானத்தின் அளவைக் கூறும். இதற்குப் பொறுமை மிகுதியாக வேண்டும். ஆயினும் பாலமோ படகுத்துறையோ கட்டுவோர் அதுவரை காத்திருக்க இயலாது. கடலின் நடுவே 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதனருகே புதிய பாலம் 2025இல் திறக்கப்பட்டது. அத்தகைய கட்டுமானத்தில் எந்த உறுப்பை எப்போது மாற்றுவது என்னும் கேள்வி, பயணிகளின் உயிரோடு தொடர்புடையது.

இயந்திரக் கற்றல்

நீரின் உப்புத்தன்மை, வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், நீரோட்டம் ஆகியவற்றையும் அவற்றுக்குரிய எடையிழப்பையும் கணினிக்கு அளித்தால், அவற்றிடையே உள்ள தொடர்பை அது தானே தேடிக் கண்டறிகிறது. இதுவே இயந்திரக் கற்றல்.

இதன் ஆற்றலை மின்கல ஆய்வில் தெளிவாகக் காணலாம். 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 124 லித்தியம் அயனி மின்கலங்களைச் சோதித்தனர். முதல் 100 மின்னேற்றச் சுற்றுகளின் தரவைக் கொண்டே அவற்றின் ஆயுளை ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் பிழையோடு கணினி கணித்தது. அச்சுற்றுகளில் பெரும்பாலான கலங்கள் தேய்ந்ததாகவே தோன்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டில், விரைவாக மின்னேற்றும் 224 முறைகளுள் சிறந்தவற்றை 16 நாள்களில் தேர்ந்தனர். ஒவ்வொன்றையும் முழுமையாகச் சோதித்திருந்தால் 500 நாள்களுக்கு மேல் ஆகியிருக்கும்.

அறியாத நீர்

மின்கலம் வெப்பநிலை மாறாத அறைக்குள் சோதிக்கப்படுவது. கடலுக்கு அவ்வாறு கதவு இல்லை. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குத் தனித்தனிப் பெயரிட்ட பரதவர்க்கு இது புதிய செய்தியன்று. காற்று மாறினால் நீரோட்டம் மாறும். வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி புன்னைக்காயலருகே நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும். குளிர்ந்த வடகடலின் தரவுகளால் மட்டுமே பயின்ற கணினி, மன்னார் வளைகுடாவைப் பற்றியும் தயங்காமல் ஓர் எண்ணைத் தரும். அந்த எண் தவறாக இருக்கக்கூடும் என்பதே இடர். கொட்டலசுகள் பற்றிய தரவு இல்லையெனில், டேவி தவறவிட்டதையே கணினியும் தவறவிடும்.

ஆகவே, ஆய்வாளர்கள் கணிப்போடு அதன் ஐயத்தின் அளவையும் தருமாறு கணினியைப் பழக்குகின்றனர். பயின்ற தரவிலிருந்து விலகிய சூழலில் அவ்வளவு பெரிதாகும். எந்தப் பருவத்தில், எந்த ஆழத்தில் ஐயம் மிகுதியோ அங்கே அடுத்த தகட்டைத் தொங்கவிடலாம். அத்தகட்டை மேலே தூக்கி எடையிடும் நாள் வர, முன்போலவே பல மாதங்கள் ஆகும்.