சமூகப் பணியாளருக்குச் சட்டப் பதிவு: இன்றைய நிலையும் எதிர்காலத் தேவையும்

மருத்துவர் ஒருவர் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் முன்னர், அவருடைய பெயர் மருத்துவப் பதிவேட்டில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதாடும் முன்னர், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ஆனால், தற்கொலைக்கு முயன்ற ஒருவருக்கு ஆறுதலும் வழிகாட்டுதலும் அளிப்பவர், பெற்றோரைப் பிரிந்த குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று அறிக்கை தருபவர், மனநோய் குணமான ஒருவரை மீண்டும் குடும்பத்தோடு இணைத்து வைப்பவர் ஆகியோர் எந்தப் பதிவேட்டில் இருத்தல் வேண்டும்? இவ்வினாவிற்கு நம் நாட்டில் ஒரே விடை இல்லை. பணியின் துறைக்கேற்ப விடை மாறுபடுகிறது. சமூகப் பணிக் கல்வி பெறும் மாணவரும், அப்பணியாளரை நியமிக்கும் அலுவலரும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தொண்டும் தொழிலும்

சமூகத் தொண்டு நம் நாட்டிற்குப் புதியதன்று. அன்ன சத்திரங்கள், அனாதை இல்லங்கள், சீர்திருத்தச் சங்கங்கள் ஆகியவை நெடுங்காலமாக இயங்கி வந்துள்ளன. ஆயினும், தொண்டு மனப்பான்மை ஒன்று. பயிற்சி பெற்ற தொழில் மற்றொன்று. முறையான கல்வி, மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சி, தொழில் நெறிமுறை, தவறு செய்தால் விசாரிக்கும் அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பணி தொழில் என்னும் தகுதியைப் பெறுகிறது. இந்தியச் சமூகப் பணியைப் பொறுத்தமட்டில் முதல் இரண்டும் வேரூன்றிவிட்டன; மூன்றாவது ஓரளவு உருப்பெற்றுள்ளது; நான்காவது சில துறைகளில் மட்டுமே அமைந்துள்ளது.

தொழில்முறைச் சமூகப் பணிக் கல்வி 1936-இல் பம்பாயில் தொடங்கியது. நாக்பாடா பகுதியில் பணியாற்றிய கிளிஃபோர்டு மேன்ஷார்ட் என்பவரின் முயற்சியால் சர் தோராப்ஜி டாடா பட்டமேற்படிப்புச் சமூகப் பணிப் பள்ளி நிறுவப்பட்டது. இதுவே 1944-இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. விடுதலையையொட்டிய ஆண்டுகளில் தில்லி, வாராணசி, பரோடா ஆகிய இடங்களிலும், 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னையிலும் இத்தகைய கல்விக்கூடங்கள் தோன்றின. வகுப்பறைப் பாடத்துடன், வாரந்தோறும் குறிப்பிட்ட நாள்களில் மருத்துவமனை, பள்ளி, குடிசைப் பகுதி, கிராமம் போன்ற இடங்களில் களப்பணி ஆற்றுதல் இக்கல்வியின் தனிச்சிறப்பாகும். 1997-இல், தொழில்முறைச் சமூகப் பணியாளர்களுக்கான நெறிமுறைப் பிரகடனம் ஒன்றும் கல்வியாளர்களால் வெளியிடப்பட்டது. ஆனால், அதை மீறுவோரைப் பொறுப்பேற்கச் செய்யும் அதிகாரம் எந்த அமைப்பிற்கும் அளிக்கப்படவில்லை.

பதவியை உருவாக்கிய சட்டங்கள்

பதிவைக் கோராமலேயே சமூகப் பணியாளருக்குப் பதவியை ஏற்படுத்திய சட்டங்கள் பல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணியாற்றிய தொழிற்சாலைகளில் நல அலுவலரை நியமித்தல் கட்டாயம் என்றது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இவ்வரம்பை 300 என வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, 2020-ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் இவற்றின் இடத்தைப் பெற்றுள்ளது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றிற்கும் வரம்பு இப்போது 250 தொழிலாளர் என்பதாகும். இங்கே தேவைப்படுவது விதிகளில் குறிக்கப்படும் கல்வித் தகுதியேயன்றித் தனிப் பதிவு அன்று.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் மற்றொரு வகை. இச்சட்டப்படி அமையும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் இடம்பெறுவர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். இவ்விருவருக்கும் சட்டம் விதிக்கும் தகுதி கருதத்தக்கது. குழந்தைகளின் உடல்நலம், கல்வி அல்லது நலப் பணிகளில் ஏழாண்டுகளேனும் ஈடுபட்டிருத்தல் வேண்டும். அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் புரிபவராக இருத்தல் வேண்டும். சமூகப் பணிப் பட்டம் இப்பட்டியலில் தனியாகக் குறிப்பிடப்படவில்லை. அஃதாவது, ‘சமூகப் பணியாளர்’ என்னும் சொல் சட்டத்தில் இடம்பெறுகிறது. ஆனால், அது சமூகப் பணிக் கல்வி பெற்றவரைத்தான் குறிக்க வேண்டும் என்பதில்லை. இச்சொல்லுக்குப் பொதுவான சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பதிவு தேவைப்படும் மூன்று துறைகள்

முதலாவது, மறுவாழ்வுத் துறை. 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்கீழ் 16 வகைத் தொழிலர்கள் அங்கீகரிக்கப்பட்டுள்ளனர். மறுவாழ்வுச் சமூகப் பணியாளர் அவர்களுள் ஒரு வகையினர். மன்றம் ஏற்ற நிறுவனத்தில், ஏற்கப்பட்ட படிப்பை முடித்தவர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதிவு பெறாமல் மாற்றுத் திறனாளிகளுக்கு இத்தொழிலைப் புரிந்தால், ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ரூ.1,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பதிவைக் காலமுறையில் புதுப்பிக்கத் தொடர் மறுவாழ்வுக் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்றிருத்தல் வேண்டும். ஒருமுறை பெற்ற பட்டம் வாழ்நாள் முழுவதற்கும் போதாது என்னும் கொள்கை இங்கே நடைமுறையாகியுள்ளது.

இரண்டாவது, மனநலத் துறை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநலச் சமூகப் பணியாளர் யார் என்பதை இச்சட்டம் வரையறுக்கிறது. சமூகப் பணியில் முதுநிலைப் பட்டமும், அதற்கு மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர மனநலச் சமூகப் பணி எம்.பில். பட்டமும் பெற்றவரே அவர். விதிகளால் குறிக்கப்படும் வேறு அங்கீகரிக்கப்பட்ட தகுதிகளையும் ஏற்கலாம் எனச் சட்டம் கூறுகிறது. இத்தகுதி உடையோரை மனநலத் தொழிலராகப் பதிவு செய்தல் மாநில மனநல ஆணையத்தின் கடமை. மாநிலங்கள் தரும் விவரங்களைத் தொகுத்து நாட்டுப் பதிவேட்டைப் பேணுதல் மத்திய மனநல ஆணையத்தின் கடமை. தம் தொழில் துறைக்கு உட்படாத மருந்தையோ சிகிச்சையையோ பரிந்துரைக்கலாகாது என்ற தடையையும் சட்டம் விதிக்கிறது. ஆகவே, பதிவு என்பது உரிமையை மட்டுமன்றி, அவ்வுரிமையின் எல்லையையும் குறிப்பதாகும்.

மூன்றாவது, பொதுவான உடல்நலத் துறை. 2021-ஆம் ஆண்டுத் தேசிய துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பத்துப் பிரிவுகள் உள்ளன. அவற்றுள் நடத்தைசார் உடல்நல அறிவியல் பிரிவில், மருத்துவச் சமூகப் பணியாளரும் மனநலச் சமூகப் பணியாளரும் இடம்பெற்றுள்ளனர். கல்வித் தரத்தை நிர்ணயித்தல், மத்தியப் பதிவேட்டையும் மாநிலப் பதிவேடுகளையும் பேணுதல், ஒரே சீரான இறுதித் தேர்வு அல்லது உரிமத் தேர்வுக்கு வழிசெய்தல் ஆகியவை இச்சட்டத்தின் நோக்கங்கள். ‘உரிமத் தேர்வு’ என்னும் கருத்து இந்தியச் சமூகப் பணித் துறையைச் சட்டவழியே எட்டியது இங்கேதான். எனினும், மாநில மன்றங்கள் அமைவதில் பெருந்தாமதம் ஏற்பட்டது. 2024 ஆகஸ்டு மாதத்தில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, இரண்டு மாதங்களுக்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு மத்திய, மாநில அரசுகளைப் பணித்தது.

மாணவர் கவனிக்க வேண்டியவை

பட்டம், பதிவு, உரிமம், பதவி ஆகிய நான்கும் வெவ்வேறானவை. பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. அது கல்விக்குச் சான்று. பதிவைச் சட்டத்தால் அமைந்த மன்றமோ ஆணையமோ வழங்குகிறது. அது தொழில் புரியும் தகுதிக்குச் சான்று. தேர்வு அல்லது புதுப்பித்தல் நிபந்தனையோடு அத்தகுதி அளிக்கப்படும்போது அதனை உரிமம் என்கிறோம். பதவியை நியமன அதிகாரி வழங்குகிறார். பதிவு இருந்தும் பதவி கிடைக்காமல் போகலாம்; பதவி கிடைத்துவிட்டதால் பதிவு தேவையில்லை என்றும் ஆகிவிடாது.

எனவே, படிப்பில் சேரும் முன்னரே மாணவர் மூன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவால் அங்கீகரிக்கப்பட்டதா? தாம் விரும்பும் துறைக்குரிய மன்றம் அப்படிப்பை ஏற்கிறதா? களப்பயிற்சி முறையான மேற்பார்வையில், உரிய மணிநேரங்களுக்கு நடைபெறுகிறதா? பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது பட்டச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் மட்டுமன்றி, பயிற்சிக்கான ஆதாரமும் கேட்கப்படலாம். ஆதலின், களப்பணிக் குறிப்பேட்டையும் மேற்பார்வையாளரின் கையொப்பமிட்ட சான்றையும் பாதுகாத்து வைத்தல் நலம்.

எழுந்துள்ள சிக்கல்

மனநலச் சமூகப் பணியில் ஒரு சிக்கல் உடனடிக் கவனத்தை வேண்டுகிறது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை எம்.பில். படிப்பை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அதனைச் செயற்படுத்தின. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை மாணவரைச் சேர்க்க விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால், மனநலச் சட்டத்தின் வரையறை எம்.பில். என்னும் பெயராலேயே தகுதியைக் குறிக்கிறது. கல்வித் துறை ஒரு பட்டத்தை முடிவுக்குக் கொண்டுவரும்போது, உடல்நலத் துறையின் சட்டம் அதே பட்டத்தைக் கதவாக வைத்திருக்கிறது.

இதனால் பாதிக்கப்படுபவர் மாணவர் மட்டுமல்லர். மனநல மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தும் வீடு திரும்ப இயலாதவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். உறவினரைக் கண்டறிதல், அவர்களின் அச்சத்தைப் போக்குதல், உதவித்தொகைக்கு வழிசெய்தல், வீடு திரும்பிய பின் தொடர்ந்து கண்காணித்தல் ஆகியவை மனநலச் சமூகப் பணியாளரின் பணிகள். அவர் இல்லாதபோது, நோய் தணிந்தும் ஒருவர் மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளேயே ஆண்டுகளைக் கழிக்க நேரிடும். இச்சிக்கலுக்கு வழி சட்டத்திலேயே உள்ளது. ‘விதிகளால் குறிக்கப்படும் தகுதிகள்’ என்னும் சொற்களைப் பயன்படுத்தி, அதே அளவு மருத்துவமனைப் பயிற்சி கொண்ட மாற்றுப் படிப்பை அறிவித்தால் தொடர்ச்சி காக்கப்படும். பட்டத்தின் பெயர் மாறலாம். பயிற்சியின் ஆழம் குறையலாகாது.

பொதுப் பதிவு வேண்டுமா?

மேற்கூறிய மூன்று துறைகளுக்கும் வெளியே, சமுதாய வளர்ச்சி, குழந்தை நலம், முதியோர் நலம், பள்ளிச் சமூகப் பணி ஆகியவற்றில் ஈடுபடுவோருக்குப் பதிவு முறை இல்லை. தேசிய மன்றம் ஒன்றை நிறுவுவதற்கான மசோதா வரைவுகள் 1990-களிலிருந்தே முன்வைக்கப்பட்டுள்ளன, அவை சட்டமாகவில்லை. இங்கிலாந்தில் ‘சமூகப் பணியாளர்’ என்னும் பெயரைப் பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்னும் விதி 2005 முதல் நிலவுகிறது.

பொதுப் பதிவை ஏற்போர், சேவை பெறுவோரின் பாதுகாப்பை முதன்மையாகக் கூறுகின்றனர். தவறான அறிக்கையால் ஒரு குழந்தை தகாத இடத்தில் ஒப்படைக்கப்பட்டாலோ, நம்பிச் சொன்ன செய்தி வெளியானாலோ, பாதிக்கப்பட்டவர் முறையிடத் தனி அமைப்பு வேண்டும் என்பது அவர்கள் வாதம். மறுப்போரின் கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. பட்டமின்றிப் பல்லாண்டுகள் மக்களிடையே உழைத்தவர்களை உரிமம் என்னும் வேலி ஒதுக்கிவிடக்கூடும். தொலைதூர மாவட்டங்களில் பதிவு பெற்றவர் கிடைக்காமல் பணியே நின்றுவிடவும்கூடும்.

இவ்விரு கருத்துகளையும் இணைக்க இயலும். தனிமனிதரின் உரிமை, உடல்நலம், குடும்பம் ஆகியவற்றைப் பாதிக்கும் முடிவுகளில் பங்குகொள்ளும் பணிகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கலாம். விழிப்புணர்வு, அமைப்பு சார்ந்த தொண்டு, உள்ளூர்ச் சேவை ஆகியவற்றை எவர்க்கும் திறந்து வைக்கலாம். நீண்ட அனுபவமுள்ளோர்க்குக் குறுகிய காலப் பயிற்சியும் மதிப்பீடும் அளித்துப் பதிவில் சேர வாய்ப்பு நல்கலாம். அதுவரை, பணியாளரை நியமிக்கும் அலுவலர்கள் விளம்பரத்தில் ‘சமூகப் பணியாளர்’ என்று மட்டும் குறிப்பிடாமல், வேண்டிய பட்டத்தையும், பதிவு தேவைப்படும் துறையாயின் பதிவு எண்ணையும் கேட்பது உடனடியாகச் செய்யத்தக்க சீர்திருத்தமாகும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

மக்கள் தம் துயரைச் சொல்லத் துணிவது, கேட்பவர் தகுதியுடையவர் என்னும் நம்பிக்கையினால்தான். அந்நம்பிக்கைக்குச் சட்டத்தின் துணையை அளிப்பதே பதிவின் பயன். தொழிலரின் தகுதியை உயர்த்துவதைவிட, துயருற்றோரின் பாதுகாப்பை உறுதி செய்வதையே அதன் முதல் நோக்கமாகக் கொள்ளல் வேண்டும்.