கேட்டது புதுசு, கிடைச்சது பழசு! – பிரவுசரின் 'கேஷ்' பற்றி ஒரு பாடம்

(கணினி மூலை)

இந்த மாதக் கணினி மூலையில் நாம் பார்க்கப்போவது, பிரவுசர் (உலாவி) செய்யும் ஒரு நல்ல வேலை. அதே வேலை சில இடத்தில் எப்படித் தொல்லையாகிறது. அதைத் தடுக்க என்ன வழி என்பது. பாடப் புத்தகத்தில் இது விரிவாக இல்லை. ஆனால் வெப் பக்கம் செய்து பார்க்கும் எல்லோரும் ஒரு நாள் இதில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

1. கேஷ் என்றால் என்ன?

ஒரு வெப் பக்கத்தை முதல் தடவை திறக்கும்போது மெதுவாக வரும். அதையே மறுபடி திறந்தால் சட்டென்று வந்துவிடும். கவனிச்சிருப்பீங்க. காரணம், முதல் தடவை வந்த படம், எழுத்து, நிரல் எல்லாவற்றுக்கும் பிரவுசர் நம் கணினியிலேயே ஒரு நகல் வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை சர்வரிடம் போகாமல் அந்த நகலை எடுத்துக் காட்டுகிறது. இந்தத் தற்காலிகச் சேமிப்புக்குத்தான் கேஷ் என்று பெயர். 'ஒளித்து வைப்பது' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது வந்தது.

2. பாட்டியும் தேங்காய் விலையும்

இதைப் புரிந்துகொள்ள ஒரு உதாரணம். பாட்டி தம்பியைக் கூப்பிட்டு, "கடையில தேங்காய் என்ன விலைன்னு கேட்டுட்டு வாடா" என்கிறார். தம்பி ஓடிப்போய்க் கேட்டு வந்து "முப்பது ரூபா பாட்டி" என்கிறான். சாயங்காலம் பாட்டி மறுபடி கேட்கிறார். தம்பி திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே "முப்பது ரூபா" என்கிறான். ஆனால் மத்தியானமே விலை முப்பத்தஞ்சு ஆகிவிட்டது.

இங்கே பாட்டிதான் வெப் பக்கம். தம்பி பிரவுசர். கடைக்காரர் சர்வர். தம்பி பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த கடைசி விலையைச் சொன்னான். பாட்டிக்கு வேண்டியதோ இப்போதைய விலை. நம் பாடம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசம்தான். பாட்டியையும் தம்பியையும் மறக்காதீங்க, இன்னும் வேலை இருக்கு.

3. திரும்பத் திரும்பக் கேட்கும் பக்கங்கள்

முன்பெல்லாம் ஒரு புது விவரம் வேண்டுமென்றால் முழுப் பக்கத்தையும் மறுபடி வரவழைக்க வேண்டும். 1999-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல், பக்கத்தை மாற்றாமலே பின்னால் சர்வரிடம் கேட்கும் வசதி வந்தது. அது பின்னர் எக்ஸ்எம்எல் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் என்ற பெயரில் எல்லா பிரவுசர்களுக்கும் பரவியது. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இந்த முறைக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். கூகுள் மேப்ஸ் வெளிவந்ததும் அதே மாதத்தில்தான். இப்போது அதே வேலைக்கு 'ஃபெட்ச்' என்ற கட்டளை இருக்கிறது.

கிரிக்கெட் ஸ்கோர், ரயில் எங்கே வருகிறது, தேர்வு முடிவு வந்ததா – இப்படிச் சில விநாடிக்கு ஒரு தடவை கேட்கும் பக்கங்கள் ஏராளம். ஒவ்வொரு தடவையும் முகவரி ஒன்றுதான். முகவரி ஒன்றென்றால், "இதைத்தான் முன்னாடியே கேட்டாச்சே" என்று பிரவுசர் பழைய நகலைக் கொடுத்துவிடலாம். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இந்த விஷயத்தில் ரொம்பப் பிடிவாதம் பிடித்தது. அதன் ஆயுள் 2022 ஜூன் 15-இல் முடிந்தது. ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. பின்வரும் நிகழ்ச்சியே சாட்சி.

4. விளையாட்டு விழாவில் நடந்தது

சென்ற விளையாட்டு விழாவுக்கு, மூத்த மாணவர்கள் அணிப் புள்ளிகளைக் காட்ட ஒரு வெப் பக்கம் தயார் செய்தார்கள். ஆய்வகக் கணினி ஒன்றுதான் சர்வர். அதில் புள்ளிகள் மட்டும் உள்ள ஒரு சிறு கோப்பு. அரங்கத்தில் பெரிய திரை. பக்கம் 10 விநாடிக்கு ஒரு தடவை அந்தக் கோப்பைக் கேட்கும். பத்து நாள் முன்பு நடந்த தகுதிச் சுற்றுகளின் புள்ளிகள் அப்போதே ஏற்றப்பட்டிருந்தன: சிவப்பு 45, நீலம் 38.

விழா அன்று நான் அந்தத் திரைக்குப் பக்கத்தில் தொண்டராக நின்றேன். காலையிலேயே பக்கம் திறக்கப்பட்டுவிட்டது. நீல அணி ரிலே ஓட்டத்தில் ஜெயித்தது, நீளம் தாண்டுதலில் ஜெயித்தது. ஆய்வகத்தில் புள்ளிகளை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். திரையிலோ 45, 38 அப்படியே நின்றது. "ஜெயிச்சும் ஏன் அக்கா எங்களுக்கு ஏறவே மாட்டேங்குது?" என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அழும் குரலில் கேட்டாள். மத்தியானம் அறிவிப்பாளர் திரையைப் பார்த்து, சுழற்கோப்பை சிவப்பு அணிக்கு என்று சொல்ல மைக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த நேரம் ஆசிரியர் அறைக் கணினியில் முதல் தடவையாக அதே பக்கத்தைத் திறந்த பி.டி. சார் அரங்கத்துக்கு ஓடி வந்தார். அங்கே சிவப்பு 52, நீலம் 61! ஒரே முகவரி, இரண்டு கணினி, இரண்டு விடை. சார் தன் குறிப்பு நோட்டைத் திறந்து கூட்டிப் பார்த்தார். 61 தான் சரி. கோப்பை நீல அணிக்குப் போனது.

5. ஏன் அப்படி ஆச்சு?

கணினி மிஸ் அரங்கக் கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைக் காட்டினார். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'டிஸ்க் கேஷ்' என்று இருந்தது. கேள்வி சர்வருக்குப் போகவே இல்லை! பிறகு மிஸ் சொன்ன விளக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒரு நகலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சர்வர் சொல்லாவிட்டால், பிரவுசர் தானே ஒரு கணக்குப் போடும். கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று பார்க்கும். மாறி எவ்வளவு காலம் ஆச்சோ, அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் நகல் செல்லும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 'ரொம்ப நாளா மாறாதது இனிமேலும் சீக்கிரம் மாறாது' என்ற ஊகம்.

காலையில் அரங்கக் கணினி கேட்டபோது கோப்பு மாறி 10 நாள் ஆகியிருந்தது. பத்தில் ஒரு பங்கு 1 நாள். ஆகவே அன்று முழுக்க அது பழைய நகலையே காட்டியது. ஆசிரியர் அறைக் கணினி கேட்டபோதோ கோப்பு மாறிச் சில நிமிடம்தான் ஆகியிருந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு சில விநாடிகள். ஆகவே அது மறுபடி மறுபடி சர்வரிடம் போய்ப் புதுசைக் கொண்டுவந்தது.

சரி, முன்னாடியே சோதித்துப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். ஆனால் சோதித்த கணினியில் எஃப்12 திறந்தே இருந்தது. அதில் 'டிஸேபிள் கேஷ்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அந்த டிக், அந்தச் சாளரம் திறந்திருக்கும் வரைக்கும், அந்தக் கணினிக்கு மட்டும்தான் வேலை செய்யும். செய்தவருக்குச் சரி, பார்ப்பவருக்குத் தவறு!

6. தடுக்கும் வழிகள்

(கவனிக்க: கட்டளைகளின் உச்சரிப்பைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.)

வழி 1 – சர்வர் சொல்வது. இதுதான் முறையான வழி. சர்வர் பதிலோடு 'கேஷ்-கண்ட்ரோல்' என்ற தலைப்புக் குறிப்பையும் அனுப்பலாம். 1996-இல் வெளியான ஹெச்டிடிபி 1.0 விதிகளில் 'எக்ஸ்பயர்ஸ்' என்ற காலாவதிக் குறிப்பு இருந்தது. 1997-இல் வந்த 1.1-இல்தான் 'கேஷ்-கண்ட்ரோல்' சேர்ந்தது. அதில் முக்கியமான மூன்று:

அ) 'மேக்ஸ்-ஏஜ்' – இத்தனை விநாடி வரை நகல் செல்லும். கடைக்காரர் "இந்த விலை மத்தியானம் வரைக்கும்தான் தம்பி" என்று சொல்லி அனுப்புவது போல.

ஆ) 'நோ-கேஷ்' – பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க! நகல் வைக்காதே என்று இதற்குப் பொருள் இல்லை. வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்து என்று பொருள்.

இ) 'நோ-ஸ்டோர்' – நகலே வைக்காதே. ஒருவருடைய மதிப்பெண், வங்கிக் கணக்கு போன்ற தனி விவரங்களுக்கு இது ஏற்றது. பலர் உட்காரும் ஆய்வகக் கணினியில் ரொம்ப அவசியம். இருந்தாலும் 'லாக் அவுட்' செய்ய மறக்கக் கூடாது.

வழி 2 – கேட்கும்போதே சொல்வது. ஃபெட்ச் கட்டளையில் 'கேஷ்: நோ-ஸ்டோர்' என்று சேர்த்தால் பிரவுசர் பழைய நகலைப் பார்க்காது, புதிய நகலையும் வைக்காது. "நேர்ல போய்க் கேட்டுட்டு வாடா" என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்வது போல. மிஸ் அன்று சரி செய்தது இந்த ஒரே வரியில்தான்.

வழி 3 – முகவரியை மாற்றிக் கேட்பது. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு அப்போதைய நேரத்தைச் சேர்ப்பது. ஜாவாஸ்கிரிப்டில் 'டேட்.நவ்' என்று கேட்டால், 1970 ஜனவரி 1 தொடங்கி (உலகப் பொது நேரப்படி) எத்தனை மில்லி விநாடி ஆச்சு என்று ஓர் எண் வரும். நிமிடத்துக்கு நிமிடம் எண் மாறுவதால் பிரவுசருக்கு ஒவ்வொன்றும் புது முகவரி. "ஆறு மணித் தேங்காய் விலை என்ன?", "ஏழு மணித் தேங்காய் விலை என்ன?" என்று பாட்டி கேட்டால் தம்பி போய்த்தானே ஆகணும்! சர்வர் பக்கம் கை வைக்க முடியாதபோது இது உதவும். ஜேக்வெரி நிரலில் 'கேஷ்: ஃபால்ஸ்' என்று போட்டால் நடப்பதும் இதுதான்.

இதில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு முகவரிக்கும் தனி நகல் சேரலாம். 10 விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 360. ஆறு மணி நேரத்தில் 2160. ஒன்றையும் திரும்பப் பயன்படுத்தப் போவதில்லை, எல்லாம் குப்பை.

வழி 4 – 'போஸ்ட்' முறையில் கேட்பது. போஸ்டுக்கு வரும் பதிலைப் பிரவுசர் பொதுவாகச் சேமிக்காது. ஆனால் போஸ்ட் என்பது சர்வருக்கு ஒன்றைக் கொடுப்பதற்கான முறை. ஒரு விவரத்தைப் படிக்க 'கெட்' முறைதான் சரி. ஆகவே இந்த வழி வேலை செய்தாலும் நல்ல பழக்கம் இல்லை.

7. அப்படியானால் கேஷ் வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் 'நோ-ஸ்டோர்' போட்டால் பள்ளிச் சின்னம் முதல் எழுத்துரு வரை ஒவ்வொரு தடவையும் புதிதாக வர வேண்டும். பக்கம் ஊரும், செல்போனில் டேட்டாவும் தீரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா?

நடுவழி ஒன்று உண்டு. சர்வர் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஈடேக்' என்ற அடையாளம் கொடுக்கலாம். 'நோ-கேஷ்' போட்டிருந்தால் பிரவுசர் அந்த அடையாளத்தைக் காட்டி "இது மாறிடுச்சா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பும், கோப்பை அனுப்பாது. கடைக்காரர் "காலையில சொன்னதுதான் தம்பி" என்று சொல்வது போல. நடை மிச்சமில்லை, சுமை மிச்சம்.

மாறவே மாறாத படத்துக்கு 'மேக்ஸ்-ஏஜ்' 31536000 என்று கொடுக்கலாம். 365 × 24 × 3600, அதாவது ஒரு வருடம். என்றாவது படத்தை மாற்றினால் கோப்பின் பெயரையும் மாற்றிவிட வேண்டும். புதுப் பெயர், புது முகவரி, புது நகல்.

நினைவில் கொள்க

• நிமிடத்துக்கு நிமிடம் மாறும் விவரம் – நோ-ஸ்டோர்.
• எப்போதாவது மாறும் பக்கம் – நோ-கேஷ், கூடவே ஈடேக்.
• மாறாத படம் – நீண்ட மேக்ஸ்-ஏஜ்.
• சர்வர் ஒன்றும் சொல்லாவிட்டால் பிரவுசர் ஊகிக்கும். ஊகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.
• தயாரித்த கணினியில் மட்டும் சோதிக்காதீர்கள். எஃப்12 மூடிய வேறொரு கணினியிலும் பாருங்கள்.
• திரையில் 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' என்று சர்வர் தரும் நேரத்தைக் காட்டுங்கள். பழசு என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

செய்து பாருங்கள்

ஆய்வக நேரத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். 'டிஸேபிள் கேஷ்' டிக் இல்லாமல் பக்கத்தை இரண்டு தடவை திறந்து, எத்தனை கோப்பு கேஷிலிருந்து வந்தது, எத்தனைக்கு 304 வந்தது என்று எண்ணி எழுதுங்கள்.

ஒரு சிறு கணக்கும் உண்டு: ஒரு கோப்பு மாறி 30 நாள் ஆகிறது. சர்வர் எந்தக் குறிப்பும் அனுப்பவில்லை. பிரவுசர் அந்த நகலை எத்தனை நாள் வைத்திருக்கக்கூடும்? விடையைக் காரணத்தோடு எழுதி, இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். சரியான விடை எழுதியவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.



– 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி