சீமைக் கருவேலம் – ஒரு பெயர் விளக்கம்

நம் ஏரிக்கரைகளிலும் தரிசு நிலங்களிலும் மண்டிக் கிடக்கும் முள்மரம் சீமைக் கருவேலம். அதன் பெயரைப் பிரித்துப் பொருள் காண்போம்.

‘சீமை’ என்பதற்கு எல்லை, நாடு என்று பொருள். சிவகங்கைச் சீமை என்கிறோம் அல்லவா? ஆங்கிலேயர் காலத்தில் அச்சொல் கடல் கடந்த நாட்டையும் குறித்தது. கரும்பலகையில் நாம் எழுதும் சீமைச்சுண்ணாம்பு அவ்வாறு பெயர் பெற்றதே. இம்மரமும் மெக்சிகோ, தென் அமெரிக்கா முதலிய இடங்களின் வறண்ட நிலங்களுக்கு உரியது. 1870களில் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

‘கருவேலம்’ நம் நாட்டு மரம். கறுத்த பட்டையுடைய வேலமரம் என்பது பொருள். வெளுத்த பட்டையுடையது வெள்வேல். பல் துலக்க ஆலோடு சேர்த்துப் பழமொழி கூறும் வேல் இக்கருவேலமே.

சீமைக் கருவேலத்திற்கு ‘வேலிக்காத்தான்’ என்ற பெயரும் உண்டு. வேலியைக் காத்தவன் என்பது பொருள். ‘காத்தான்’ இங்கே வினையாலணையும் பெயர். ஆனால் வேலிக்கு வைத்த மரம் வயலுக்குள்ளும் புகுந்துவிட்டது! ஆடுமாடுகள் அதன் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. எனினும் இராமநாதபுரம் பகுதியில் அதன் விறகும் கரியும் பல ஏழைகளுக்குச் சோறு போடுகின்றன.

2017ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற ஆணையிட்டது. அவ்வேலையில் ‘சீமை’ என்னும் அடைமொழியை விட்டுவிட்டால் நாட்டுக் கருவேலமும் வெட்டுப்படும். கருவேலம்பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்தாற்போல் இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர். காயும் அவ்வாறு மணி கோத்தாற்போல் இராது.

ஆகவே, தோழியரே! மரத்தின் முழுப்பெயரையும் சொல்லப் பழகுவோம். நம் மரத்தைக் காப்போம்.