சீமை ஊசி போட்டால் நாம்பன் தானாகக் கொழுக்குமா?

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை ஒரே கதைதான். சீமை ஊசி போட்ட பசு ஈன்ற நாம்பன் என்றால் தீனி பார்க்கத் தேவையில்லையாம். சீமை ரத்தம் ஏற ஏற இறைச்சியும் ஏறுமாம். மாட்டுத் தரகர் சொல்கிறார், தோட்டக் காவலாளி சொல்கிறார், படித்த பிள்ளைகளும் சொல்கிறார்கள். இதை நம்பியே நல்ல பட்டிகள் கெட்டுப் போகின்றன.

முதலில், அந்த ஊசியில் இருப்பது என்ன? இலங்கையின் செயற்கைச் சினைப்படுத்தல் சேவை பாலுக்காக வளர்ந்தது. ஜெர்சி, பிரீசியன், சாஹிவால் போன்ற காளைகளின் விந்துதான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஜெர்சி, கொழுப்பு நிறைந்த பாலுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட சிறிய இனம். அதன் இறைச்சி மென்மையானதுதான். ஆனால் தோல், தலை, குடல் கழித்துப் பார்த்தால், அதே எடையுள்ள இறைச்சி இன மாட்டைவிடச் சதை குறைவு.

அடுத்தது வெயில். ஏறத்தாழ 25 பாகை செல்சியசைத் தாண்டினால் ஐரோப்பிய இன மாடுகள் சூட்டால் தவிக்கத் தொடங்கும். புத்தளக் கரையின் ஆண்டுச் சராசரியே 27, 28 பாகை. அதோடு கடலோர ஈரப்பதன். மூச்சு வாங்கிக்கொண்டு நிழலில் நிற்கும் மாடு மேயாது. மேயாத மாடு எந்த ரத்தமானாலும் கொழுக்காது. போதாததற்கு உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும்.

ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டனுக்கு அருகிலுள்ள பெல்மொண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். உண்ணி, புழு, வெப்பம், தீனிக் குறைவு எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் ஐரோப்பிய இனமான ஹியர்போர்ட்-ஷோர்ட்ஹோர்ன் மாடுகள் திமிலுள்ள பிராமன் மாடுகளைவிட வேகமாக வளர்ந்தன. அதே இனங்களை வெளியே மேய விட்டதும் பிராமன் முந்திக்கொண்டது. வனாத்தவில்லுப் பட்டியில் எந்த நிலைமை இருக்கிறது என்று வளர்ப்பவருக்கே தெரியும்.

2017இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து ஏறத்தாழ 5,000 பால் இனக் கிடாரிகள் கப்பலில் இலங்கைக்கு வந்தன. நோயாலும் சாவாலும் பண்ணையாளர்கள் கடனில் விழுந்ததை அதற்குள் மறந்துவிடக் கூடாது. அவை பாலுக்காக வந்தவை என்றாலும் உடம்பு படும் பாடு ஒன்றே.

முதல் கலப்பில் பிறக்கும் கன்று திடமாக இருப்பது உண்மை. தரகர் காட்டுவதும் அந்த ஒரு கன்றைத்தான். கலப்புக் கன்றுகளையே ஒன்றோடொன்று சேர்த்தால், கலப்பால் வந்த அந்த மேலதிக வீரியத்தில் பாதி அடுத்த தலைமுறையிலேயே போய்விடும்.

அப்படியானால் பட்டி மாடு ஏன் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே போகிறது? பெரிய காரணம் விற்பனையில் இருக்கிறது. வளரும் வேகத்தில் காணும் வேறுபாட்டில் 30 முதல் 40 வீதம் வரை பரம்பரையால் வருவது. ஆனால் நன்றாக வளர்ந்த நாம்பன்தான் முதலில் விலை போகிறது. யாரும் கேட்காத நோஞ்சான் பட்டியில் நின்று பசுக்களைச் சினைப்படுத்துகிறது. பத்து வருடம் இப்படிச் செய்துவிட்டு இனத்தைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

சின்னச் சின்னப் புரளிகளும் உண்டு. மஞ்சள் கொழுப்பு நோயின் அடையாளம் என்பார்கள்; பெரும்பாலும் அது பச்சைப் புல்லிலுள்ள கரோட்டின், ஜெர்சி ரத்தம் இருந்தால் இன்னும் கூடும். நாட்டு மாட்டு இறைச்சிதான் மெது என்பதும் சரியல்ல. திமில் மாட்டு ரத்தம் கூடினால் இறைச்சி சற்றுக் கடினமாகும் என்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா ஆய்வுகள் காட்டின. வயதும் சேர்ந்தால் இன்னும் கடினம்.

ஆபத்தானது ஒன்று: விற்கும் முன் ஒரு கிழமை சோறும் மாவும் அள்ளிக் கொடுத்தால் கொழுக்கும் என்பது. திடீரென மாச்சத்து கூடினால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு செத்தே போகும். கட்டித் தீனி போடுவதென்றால் மூன்று மாதம் வேண்டும்; தேங்காய்ப் புண்ணாக்கையும் தவிட்டையும் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். தென்னைக்குக் கீழே புல் வளர்த்து மாடு மேய்ப்பதை லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவகம் ஆராய்ந்திருக்கிறது. தழைத் தீனிக்கு உதவும் கிளிரிசீடியா வேலியோ நம் தோட்டங்களில் ஏற்கெனவே நிற்கிறது.

கண்ணால் எடை மதிப்பதையும் விட்டுவிட வேண்டும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின் இடுப்பு முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் பிரித்தால் கிலோக்கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும். சுற்றளவு 140, நீளம் 110 என்றால் ஏறத்தாழ 199 கிலோ. தையற்காரரின் நாடாவே போதும். மாதம் ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதி, அதில் முதலாவதாக வரும் நாம்பனை எந்த விலைக்கும் கொடுக்காமல் பட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் மகள்கள் பருவத்துக்கு வரும்முன் பக்கத்து ஊர்ப் பட்டியோடு அதை மாற்றிக்கொள்ளுங்கள்.